எழுபத்தொன்றா, ஐம்பத்தைந்தா? லூயிவில் ஆர்க்கெஸ்ட்ராவின் நாற்காலிக் கணக்கு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் லூயிவில். குதிரைப் பந்தயப் பிரியர்களுக்கு டெர்பி நடக்கும் ஊர். குத்துச்சண்டைப் பிரியர்களுக்கு முகமது அலி பிறந்த ஊர். 2011-இல் அங்கே ஓர் எண்ணை வைத்துப் பெரிய சண்டை நடந்தது. ஊரின் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் 71 முழுநேரக் கலைஞர்கள் இருந்தார்கள். 55 பேர் போதும் என்றது நிர்வாகம். ஒப்ப மாட்டோம் என்றார்கள் கலைஞர்கள். பேச்சுவார்த்தை முறிந்து, 2011-12 கச்சேரிப் பருவமே ரத்தாகிவிட்டது.

எட்ட நின்று பார்ப்பவர்களுக்கு அது சம்பளத் தகராறு. சம்பளமும் அதில் இருந்தது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 71-க்கும் 55-க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், நியூயார்க், பெர்லின் போன்ற பெருநகரங்களுக்கு வெளியே நடுத்தர ஊர்களில் இயங்கும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் எப்படிப் பிழைக்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்பது விளங்கிவிடும். இந்த ஆர்க்கெஸ்ட்ராவின் முழு வரலாற்றையும் மேடையில் போடப்பட்ட நாற்காலிகளின் எண்ணிக்கையை வைத்தே சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் மேடையைப் பார்ப்போம். சிம்பொனி இசையில் காற்று வாத்தியக்காரர்களுக்கு ஆளுக்கொரு பகுதி உண்டு. முதல் ஓபோ வாசிப்பது வேறு, இரண்டாம் ஓபோ வாசிப்பது வேறு. நான்கு ஹார்ன் என்று எழுதியிருந்தால் நான்கு பேர் வேண்டும். மூவரை வைத்து ஒப்பேற்ற முடியாது. பிராம்ஸின் முதல் சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளூட், ஓபோ, கிளாரினெட், பசூன் இரண்டிரண்டு, கான்ட்ராபசூன் ஒன்று, ஹார்ன் நான்கு, டிரம்பெட் இரண்டு, டிராம்போன் மூன்று, டிம்பனிக்கு ஒருவர். மொத்தம் 19 பேர். மற்ற படைப்புகளுக்குத் தேவைப்படும் டியூபா, ஹார்ப், தாள வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்தால் இந்தப் பக்கமே இருபத்தைந்து பேரை எட்டிவிடும். இவர்களில் யாரை எடுத்தாலும் ராகத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடுங்கியது போலப் பளிச்சென்று தெரியும். ஆகவே ஆள்குறைப்பு என்று வந்தால், பெரும்பாலும் வெட்டு விழுவது தந்தி வாத்தியங்களின் மேல்தான்: வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ்.

அங்கேதான் சிக்கல். முதல் வயலின் அணியில் உள்ள எல்லோரும் ஒரே வரியைத்தான் வாசிக்கிறார்கள். இரண்டு பேருக்கு இசைத்தாள் வைக்க ஒரு தாங்கி. உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தாள் புரட்டுவார். பன்னிரண்டு பேர் வாசிப்பதை எட்டுப் பேர் வாசித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் பார்ப்பவர் கேட்பது இயல்பு. காதுக்குத் தெரியும். பன்னிரண்டு வயலின்கள் சேரும்போது ஒவ்வொருவரின் சுருதியிலும் கையசைவிலும் உள்ள மயிரிழை வேறுபாடுகள் ஒன்றில் ஒன்று கரைந்து, எந்தத் தனி வயலினுக்கும் இல்லாத ஒரு மென்மை பிறக்கிறது. ஆள் குறையக் குறையத் தனிக்குரல்கள் பிதுங்கிக்கொண்டு வெளியே தெரியும். உரக்க ஒலிக்கும் மூன்று டிராம்போன்களுக்கு எதிரே தங்கள் ஒலி எட்ட வேண்டுமே என்று வயலின்காரர்கள் வில்லை அழுத்துவார்கள். தோளும் மணிக்கட்டும் வலிக்கும். டிராம்போன்காரர்களோ முழு மூச்சில் ஊத முடியாமல் அடக்கி வாசிப்பார்கள். 55 பேர் கொண்ட குழு மொட்ஸார்ட்டையும் ஹைடனையும் அழகாக வாசிக்கும். பெரிய குழுவுக்கென்றே எழுதிய மாஹ்லரைத் தொட வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஆள் அழைக்க வேண்டும்.

அப்படி வருபவர்கள் திறமைக் குறைவானவர்கள் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்குள் ஒரு பழக்கம் படிந்திருக்கும். முன்வரிசைக்காரர் மூச்சிழுக்கும் விதத்திலேயே பின்வரிசைக்கு எப்போது தொடங்குவது என்று புரிந்துவிடும். தலைமை வயலின்காரர் வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று குறித்த குறிப்புகள் எல்லார் தாளிலும் இருக்கும். அவர் ஏன் அப்படிக் குறித்தார் என்பது பழகியவர்களுக்கு மட்டுமே தெரியும். ஒரு வாரத்துக்கு வந்து போகிறவர் அதைக் கற்றுக்கொள்வதற்குள் கச்சேரி முடிந்துவிடும்.

சரி, 71 பேருக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன? இதற்கான பதிலை 1966-இல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் விரிவாக எழுதினார்கள். ஒரு தொழிற்சாலையில் நூறு பேர் செய்த வேலையை இயந்திரம் வந்தபின் பத்துப் பேர் செய்வார்கள். அங்கே கூலி உயர்ந்தாலும் பொருளின் விலை கட்டுக்குள் நிற்கும். பீத்தோவன் எழுதிய நால்வர் இசையை வாசிக்க அன்றைக்கும் நான்கு பேர், இன்றைக்கும் நான்கு பேர். நேரமும் அதே நேரம். வாசிப்பவரின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் மட்டும் மற்ற எல்லாரையும் போல ஏறிக்கொண்டே போகும். ஆக, நிர்வாகத்தில் யாரும் தவறே செய்யாவிட்டாலும் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளம் ஆண்டுதோறும் அகலமாகும்.

கோடம்பாக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரு காலத்தில் பாட்டுப் பதிவு என்றால் வயலின்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்தார்கள். கீபோர்டும் கணினியும் வந்தபின் அந்த நாற்காலிகளில் பல காலியாயின. சினிமா இசைக்கு அந்த வழி திறந்திருந்தது. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இல்லை. அந்த மனிதர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வேறு ஏதோ ஒன்று.

அமெரிக்காவில் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு ஐரோப்பாவில் போல அரசு பெரிய அளவில் கொடுப்பதில்லை. டிக்கெட் வருமானம் செலவில் பாதியைக்கூடத் தொடுவது அரிது. மிச்சத்தைத் தனியார் நன்கொடையும் அறக்கட்டளைகளும் வைப்புநிதி வட்டியும் நிரப்ப வேண்டும். பெருநகரத்தில் பெரிய பணக்காரர்கள் பலர் இருப்பார்கள். நடுத்தர ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா, மருத்துவமனை, பல்கலைக்கழகம், அருங்காட்சியகம் எல்லாமே அதே நாலைந்து குடும்பங்களின் கதவைத்தான் தட்டும்.

லூயிவில்லுக்கு இந்தப் பிரச்சினை தொடக்கத்திலேயே இருந்தது. 1937 ஜனவரியில் ஒஹாயோ ஆறு கரையுடைத்து ஊரின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. அதே ஆண்டில்தான் ஆர்க்கெஸ்ட்ராவும் பிறந்தது. ராபர்ட் விட்னி என்ற இளைஞர் இசை நடத்துநராக வந்தார்; 1967 வரை முப்பது ஆண்டுகள் இருந்தார். பத்து ஆண்டுகளுக்குள் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் கடன் சேர்ந்தது. கூட்டத்தை இழுக்கப் புகழ்பெற்ற பியானோ, வயலின் வித்வான்களை அழைப்பது, அவர்கள் ஒரே இரவில் வாங்கும் தொகையில் கல்லா காலியாவது. இதுதான் வழக்கமாக நடந்தது.

1948-இல் அந்த ஊருக்கு மேயரானவர் சார்ல்ஸ் ஃபார்ன்ஸ்லி. கன்ஃபூசியஸைப் படித்துத் திளைத்த அரசியல்வாதி. இசையும் கல்வியும் செழித்த ஊருக்கு மக்கள் தாமாக வருவார்கள் என்பதில் உறுதியாக இருந்தவர். ஆர்க்கெஸ்ட்ராவின் நிர்வாகத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது. அவரும் விட்னியும் எடுத்த முடிவு அக்காலத்தில் யாரும் எடுக்காதது. விருந்தினர் வித்வான்களுக்குக் கொடுக்கும் பணத்தை உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களுக்குக் கொடுத்துப் புதிய படைப்புகளை எழுதச் சொல்வோம். ஆர்க்கெஸ்ட்ராவை 50 பேராகச் சுருக்குவோம் என்றார்கள்.

ஐம்பது என்ற அந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் இந்த ஆண்டுகளைப் பொற்காலம் என்று கொண்டாடுபவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் சாதனை சிறிய குழுவின் முதுகில் ஏற்றப்பட்ட பெரிய பாரம். அக்காலத்தில் நடுத்தர ஊர்களின் ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்தவர்களில் பலர் பகலில் பள்ளி ஆசிரியர்களாகவோ வேறு வேலையிலோ இருந்து, மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். வாத்தியம் மட்டும் வாழ்வளிக்காது.

ஆனாலும் அவர்கள் செய்தது அசாதாரணம். பிரெஞ்சுக்காரர் தாரியுஸ் மியோ அவர்களுக்காக எழுதிய படைப்புக்கே 'கென்டக்கியானா' என்று பெயர் வைத்தார். பால் ஹிண்டமித் வந்து தன் புதிய சின்ஃபொனியெட்டாவைத் தானே நடத்தினார். வில்லியம் ஷூமனின் இசைக்கு மார்த்தா கிரஹாம் ஆட, 1950-இல் அந்தப் படைப்பைக் கொண்டுபோய் நியூயார்க்கின் கார்னெகி ஹாலிலேயே வாசித்தார்கள். 1953-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 4 லட்சம் டாலர் கொடுத்தது. அதன்பின் புதிய படைப்பைத் தருவித்து, வாசித்து, பதிவுசெய்து இசைத்தட்டாக வெளியிடுவது வாராந்திர வேலையாகவே ஆயிற்று. 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற பெயரில் தங்களுக்கென ஓர் இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார்கள். காலப்போக்கில் நானூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் அதில் பதிவாயின. எலியட் கார்ட்டரின் 'வேரியேஷன்ஸ்' பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களே மூச்சு வாங்கும் படைப்பு. 1956-இல் அதை முதன்முதலில் மேடையேற்றியவர்கள் இந்தக் குழுவினர்தான். 1959-இல் அமெரிக்கா வந்த சோவியத் இசையமைப்பாளர் குழுவின் பயணத்தில் லூயிவில்லும் இருந்தது. ஷோஸ்டகோவிச்சே வந்து உட்கார்ந்து கேட்டார்.

இப்படி அவர்கள் எழுதச் சொன்ன இசையமைப்பாளர்களில் ஒருவரின் கதை நம் பக்கம் வந்து முடிகிறது. ஆலன் ஹோவானெஸ். ஆர்மீனியத் தந்தைக்குப் பிறந்த அமெரிக்கர். 1950-களின் தொடக்கத்தில் அவரைப் பரவலாகத் தெரியாது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கான அவருடைய ஏழாம் கான்செர்ட்டோவைக் கேட்டு வாங்கி 1954-இல் மேடையேற்றியது லூயிவில். 1959-இல் அவர் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்தார். கர்நாடக இசை பயின்றார், முந்நூறுக்கும் மேற்பட்ட ராகங்களைத் திரட்டினார், மியூசிக் அகாடமியின் மார்கழி விழாவில் பங்கேற்றார். நாகூர் தர்காவுக்குப் போய்வந்த அனுபவத்தில் 'நாகூரான்' என்றொரு படைப்பை நம் வாத்தியங்களுக்காக எழுதினார். சென்னை வானொலி நிலையத்தின் வாத்தியக் குழு அதை வாசித்து, 1960 பிப்ரவரி 3 அன்று ஒலிபரப்பானது. அந்த மனிதரின் வளர்ச்சியில் முன்பே கைகொடுத்த இடங்களில் ஒன்று கென்டக்கியின் ஐம்பது நாற்காலி மேடை என்பதை நினைக்கும்போது எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது. இசையமைப்பாளர் எழுதினால் மட்டும் போதாது. எழுதியதை எடுத்து வாசிக்க ஒரு குழு துணிய வேண்டும்.

அடுத்த திருப்பம் 1966. ஃபோர்டு அறக்கட்டளை 61 அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு 8 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. கலைஞர்கள் வேறு வேலைக்குப் போகாமல் வாசிப்பிலேயே வாழ வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். பருவங்கள் நீண்டன, சங்க ஒப்பந்தங்களில் ஆண்டுச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் இடம்பெற்றன. நாற்காலிகளும் கூடின. பகுதிநேரம் முழுநேரமானபோது செலவும் நிரந்தரமாகிவிட்டது. ஃபோர்டு பணம் ஒருமுறை வந்தது. சம்பளம் மாதாமாதம் போயிற்று. 1983-இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆற்றங்கரை அருகே சுமார் 2,400 இருக்கைகள் கொண்ட அரங்கம் கிடைத்தது, விட்னியின் பெயரில். அதை நிரப்புவது இன்னொரு கவலை.

இந்த நாற்காலிகளில் ஒன்றைப் பிடிப்பதற்கு என்ன பாடு என்று தெரிந்தால்தான் 2011-இன் கோபம் புரியும். ஆறேழு வயதில் வில்லைப் பிடித்தவர்கள், இசைக் கல்லூரிப் படிப்பை முடித்து, சொந்தப் பணத்தில் விமானம் ஏறி ஊர் ஊராக ஆடிஷனுக்குப் போவார்கள். ஒரே இடத்துக்கு நூறு பேர் வருவதும் உண்டு. தேர்வாளர்களுக்கும் வாசிப்பவருக்கும் நடுவே திரை தொங்கும். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நடக்கும் ஓசையை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துவிடக் கூடாது என்று தரையில் கம்பளம் விரிப்பார்கள். சில நிமிடங்கள் வாசிப்பு, அவ்வளவுதான். தேறியவருக்கும் உடனே நிரந்தரம் கிடையாது. தகுதிகாண் காலம் இருக்கும். பிறகு அந்த ஊரில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, மாலையில் வீட்டில் மாணவர்கள். லூயிவில்லில் சிம்பொனிக் கச்சேரிகளோடு கென்டக்கி ஆப்பராவுக்கும் லூயிவில் பாலேவுக்கும் வாசிப்பதும் இதே ஆட்கள்தான். ஊரின் குழந்தைகளில் கணிசமானோர் வயலின் கற்பதும் இவர்களிடம்தான்.

நாற்காலியைக் குறைத்தால் அந்த ஆளுக்குப் பக்கத்துத் தெருவில் வேறு ஆர்க்கெஸ்ட்ரா இருக்காது. வேலை போனால் ஊரையே விட்டுப் போக வேண்டும். போகாதவர்கள் காரில் அலைவார்கள்: லெக்சிங்டன், சின்சினாட்டி, இண்டியானாபொலிஸ் எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவு. ஓர் ஒத்திகைக்கு இவ்வளவு, ஒரு கச்சேரிக்கு இவ்வளவு என்று உதிரிக் கணக்கு. சிறிய ஊர்களின் ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசிப்பவர்களில் ஏராளமானோருக்கு அமெரிக்காவில் இன்றும் இதுவே வாழ்க்கை. செல்லோவைப் பின் இருக்கையில் படுக்கவைத்துவிட்டு நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வீடு திரும்புகிறார்கள்.

2008 பொருளாதாரச் சரிவு இந்த உலகத்தை உலுக்கியது. வைப்புநிதி சுருங்கியது, நன்கொடை வற்றியது. 2010 அக்டோபர் முதல் ஆறு மாதம் டெட்ராய்ட்டில் வேலைநிறுத்தம். ஹொனலுலு, சிரக்யூஸ், நியூ மெக்சிகோ ஆர்க்கெஸ்ட்ராக்கள் மூடப்பட்டன. உலகப் புகழ்பெற்ற ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவே 2011 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கேட்டது. லூயிவில் அதற்கும் முன்பே, 2010 டிசம்பரில், நீதிமன்றத்தை நாடியிருந்தது. 2011-இல் திவால் நடவடிக்கையிலிருந்து வெளியே வந்தபோது கலைஞர்களின் ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தது. அப்போதுதான் 71, 55 என்ற சண்டை.

நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கையில் இல்லாத காசை யாரும் சம்பளமாகக் கொடுக்க முடியாது. ஆனால் செலவைக் குறைத்துக் குறைத்துத் தப்பித்த ஆர்க்கெஸ்ட்ராவை நான் கண்டதில்லை. ஆள் குறைந்தால் வாசிக்கக்கூடிய இசை குறைகிறது; இசை குறைந்தால் கேட்க வருபவர் குறைகிறார்; அவர் குறைந்தால் கொடுப்பவரும் குறைகிறார். கலைஞர்கள் அன்று சொன்னதன் சாரம் இதுதான். 2012 வசந்தத்தில் இரு தரப்பும் ஒரு தற்காலிக உடன்பாட்டுக்கு வந்து, அந்த இலையுதிர் காலத்தில் மீண்டும் இசை தொடங்கியது. பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. காத்திருக்க முடியாமல் வேறு ஊருக்குப் போனவர்களும் திரும்பவில்லை.

2014-இல் டெடி ஏப்ரம்ஸ் இசை இயக்குநராக வந்தபோது அவருக்கு வயது 27. கச்சேரி வாரத்துக்கு மட்டும் விமானத்தில் வந்துபோகும் நடத்துநர்கள் நிறைந்த துறையில், அவர் ஊரிலேயே குடியேறினார். 2017-இல் முகமது அலியின் வாழ்க்கையைச் சொல்லும் பெரும் படைப்பை அலியின் ஊரிலேயே அரங்கேற்றினார். 2023-இல் செல்லோ மேதை யோ-யோ மாவுடன் மாமத் குகைக்குள், பாறைச் சுவர்களுக்கு நடுவே, அந்தக் குகையைப் பற்றிய இசையை ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. பியானோ கலைஞர் யூஜா வாங்குடன் சேர்ந்து பதிவுசெய்த ஏப்ரம்ஸின் கான்செர்ட்டோ 2024-இல் யூஜாவுக்கு கிராமி விருதைப் பெற்றுத் தந்தது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2022-இல் அறிவித்த 'கிரியேட்டர்ஸ் கோர்' திட்டம். இசையமைப்பாளர்களை லூயிவில்லின் ஷெல்பி பார்க் பகுதியில் குடிவைத்து, ஆண்டுக்கு 40,000 டாலரும் வீடும் மருத்துவக் காப்பீடும் கொடுத்து, ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதச் சொல்கிறார்கள். ஃபார்ன்ஸ்லியின் 1948 யோசனைதான் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது, ஒரு திருத்தத்தோடு. அன்று இசை தபாலில் வந்தது, பல இசையமைப்பாளர்களுக்கு லூயிவில் ஒரு முகவரி மட்டுமே. இன்று எழுதுபவர் அந்தத் தெருவில் காய்கறி வாங்குகிறார். வாசிக்கப்போகும் ஓபோ கலைஞரோடு பேசிவிட்டு எழுதுகிறார்.

மாநில அரசும் இறங்கி வந்தது. கென்டக்கியின் சட்டமன்றம் 43 லட்சம் டாலர் ஒதுக்க, 2023 முதல் ஆர்க்கெஸ்ட்ரா மாநிலம் முழுக்கப் பயணப்படத் தொடங்கியது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன கிழக்கு மலைப் பக்கத்து ஊர்கள் வரை இலவசக் கச்சேரிகள். ஒரு நகரத்தின் பணக்காரக் குடும்பங்களை மட்டும் நம்பி நின்ற குழுவுக்கு முழு மாநிலமும் ரசிகர் பரப்பாகும் வாய்ப்பு இது. பாமல் சொன்ன பள்ளம் இதனால் தூர்ந்துவிடாது. ஆனால் அந்தப் பள்ளத்தை யார் நிரப்ப வேண்டும் என்ற கேள்விக்கு 'எங்கள் வரிப்பணமும் சேரட்டும்' என்று சுரங்க ஊர்க்காரர் ஒருவர் சொல்லக்கூடும் என்ற நிலை, 2011-இல் யாரும் கனவிலும் காணாதது.

செய்திகளில் ஏப்ரம்ஸின் முகமே அதிகம் வருகிறது. அவர் செய்திருப்பதைப் பார்த்தால் அதில் தவறில்லை. எனினும் குகைக்குள் வாசித்தவர்களிலும் மலையூருக்குப் பேருந்தில் போனவர்களிலும், சம்பளமில்லாத அந்தப் பருவத்தைத் தாங்கிக்கொண்டு ஊரிலேயே நின்ற வயலின்காரர்களும் ஹார்ன்காரர்களும் இருக்கிறார்கள். விருதுகளும் பயணங்களும் மேடையில் கூடுதல் நாற்காலிகளாக மாறினால்தான் அவர்கள் அன்று நின்றதற்குக் கணக்கு நேராகும். லூயிவில்லில் அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும்போது நான் முதலில் தேடிப் படிக்கப்போவது முழுநேரக் கலைஞர்கள் எத்தனை பேர் என்ற அந்த ஒரு வரியைத்தான்.